குப்பிக்குள் ஒரு மூளைப் புரதம்

புரதம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பருப்பும் பாலும் முட்டையும்தான். டாக்டர்களும் "புரதம் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் புரதம் என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் அல்ல. இரும்புச் சாமான் என்றால் குண்டூசியும் அதில் அடக்கம், ரயில் என்ஜினும் அடக்கம். அதுபோலவே நம் உடலில் பல்லாயிரம் வகைப் புரதங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் இன்னொரு புரதம். நகமும் முடியும்கூடப் புரதம்தான்.

இவற்றுள் மூளைக்குள் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். இதன் பெயர் பி.எஸ்.டி.-95. இன்று இதை ஆராய்ச்சிக்கூடங்களிலேயே தயாரித்து, சுண்டுவிரல் அளவுகூட இல்லாத குப்பிகளில் அடைத்து, உறைந்த நிலையில் அனுப்புகிறார்கள். ஒரு குப்பியில் இருப்பது சில மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்தகைய குப்பிகளின் மேல் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்துவதற்கு அல்ல" என்ற பொருள்பட எழுதியிருக்கும்.

மனிதனின் புரதம், ஆனால் மனிதனுக்குச் செலுத்தக்கூடாது! பின் எதற்கு இதைச் செய்கிறார்கள்? இதனால் நமக்கு ஆவது என்ன? நம் சங்க உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். ஞாபக மறதியும் பக்கவாதமும் நம் பேச்சில் அடிக்கடி வந்துபோகும் விருந்தாளிகளாகிவிட்டன. ஆகவே இந்தக் கேள்வி நமக்கு வெறும் விஞ்ஞான வேடிக்கை அல்ல.

நரம்பணுக்களின் சந்திப்பு

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். நாம் அதைச் சந்திப்பு என்று சொல்லிக்கொள்வோம். இந்தச் சந்திப்பில் இரண்டு நரம்பணுக்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் என்று கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியின் ஒரு கரையிலிருந்து குளூட்டமேட் முதலிய ரசாயனங்கள் வெளிவருகின்றன. எதிர்க்கரையில் அவற்றைப் பெற்றுக்கொள்ள ஏற்பிகள் எனப்படும் வாசல்கள் உண்டு. ரசாயனம் வந்து ஒட்டியதும் வாசல் திறக்கிறது. சோடியம், கால்சியம் போன்றவை உள்ளே நுழைகின்றன. செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாம் ஒரு பெயரை நினைவில் வைப்பதும், ஒரு ராகத்தை அடையாளம் கண்டுகொள்வதும் இப்படிப்பட்ட கோடானுகோடிச் சந்திப்புகளின் கூட்டு வேலைதான்.

1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகு இந்தச் சந்திப்புகளைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பெற்றுக்கொள்ளும் கரையின் உட்புறத்தில், வாசல்களுக்கு நேர் கீழே, மை அப்பியதுபோல் ஒரு கரிய பட்டை தெரிந்தது. சந்திப்புக்குப் பின்னே உள்ள அடர்த்தியான பகுதி என்ற பொருளில் அதற்கு போஸ்ட் சினாப்டிக் டென்சிட்டி என்று பெயரிட்டார்கள். அதன் சுருக்கமே பி.எஸ்.டி. அந்தக் கருப்புப் பட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் வெகுகாலம் புரியாமலே இருந்தது.

அமெரிக்காவில் கால்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மேரி கென்னடி என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் எலி மூளையிலிருந்து அந்தப் பட்டையைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். அதில் ஏராளமாக இருந்த ஒரு புரதத்தின் அமைப்பை 1992-ல் வெளியிட்டார்கள். எடை பார்க்கும் சோதனையில் அது 95 என்ற அளவில் நின்றதால் பி.எஸ்.டி.-95 என்று பெயர் வந்தது. மறு ஆண்டே ஜெர்மனியில் இன்னொரு குழுவும் இதே புரதத்தை வேறொரு பெயரில் அறிவித்தது. மனிதனிடத்தில் இந்தப் புரதத்துக்கான ஜீன் 17-வது குரோமோசோமில் இருக்கிறது. 724 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை இது.

ரிலே ரூம் ரேக்

விஞ்ஞானிகள் இதைச் 'சாரப் புரதம்' என்ற வகையில் சேர்க்கிறார்கள். கொத்தனார்கள் கட்டடம் எழுப்பும்போது மூங்கிலைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுகிறார்களே, அந்தச் சாரம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். கட்டடத்தில் பூச்சு வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். மூளையில் சாரத்தைப் பிரிப்பதில்லை. அது இருக்கும்வரைதான் சந்திப்பு ஒழுங்காக இருக்கும்.

ரயில்வேயில் இருந்தவன் என்பதால் எனக்கு வேறோர் உவமை இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. பெரிய ஸ்டேஷன்களில் பயணிகள் கண்ணில் படாத ரிலே ரூம் என்று ஓர் அறை உண்டு. எப்போதும் பூட்டியே இருக்கும். உள்ளே இரும்பு ரேக்குகளில் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். சிக்னல் சிவப்பாவதும் பச்சையாவதும் ரிலேக்களின் வேலை. ரேக் தானாக எந்தச் சிக்னலையும் மாற்றுவதில்லை. ஆனால் எந்த ரிலே எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் என்பது ரேக்கினால்தான் நிலைக்கிறது. ரேக் சரிந்தால் ரிலேக்கள் அனைத்தும் நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு வண்டியும் ஓடாது.

பி.எஸ்.டி.-95 அப்படிப்பட்ட ரேக். அதில் முக்கியமான ஐந்து பகுதிகள் இருக்கின்றன. முதல் மூன்றும் ஒரே மாதிரியான சாக்கெட்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 90 அமினோ அமில நீளம். மற்றொரு புரதத்தின் வால் நுனியில் உள்ள கடைசி நான்கைந்து அமினோ அமிலங்கள் இந்தச் சாக்கெட்டில் பிளக் மாதிரி பொருந்திக்கொள்ளும். இதே சாக்கெட் பழ ஈயின் ஒரு புரதத்திலும், செல்களை இறுக்கமாக இணைக்கும் இன்னொரு புரதத்திலும் இருந்ததால், மூன்றின் பெயர்களிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தை எடுத்து பி.டி.இஸட். என்று பெயர் சூட்டினார்கள்.

நான்காவது பகுதி இணைப்புக்கு உதவுவது. ஐந்தாவது பகுதி வேடிக்கையானது. பார்ப்பதற்கு அது ஓர் என்சைம் போலவே இருக்கும். ஆனால் என்சைம் வேலை எதுவும் செய்யாது. பழைய உத்தியோகத்தை விட்டுவிட்டு, அடுத்த அடுக்கில் இருக்கும் சாரப் புரதத்தைக் கைபிடித்து நிற்பதையே வேலையாகக் கொண்டிருக்கிறது. நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு ஆறுதலான செய்தி!

1995-ல் ஜெர்மனியில் பீட்டர் சீபர்க் என்பவரின் ஆய்வுக்கூடம், என்.எம்.டி.ஏ. என்ற முக்கியமான ஏற்பியின் வால் இந்தச் சாக்கெட்டில்தான் செருகியிருக்கிறது என்று காட்டியது. கற்றுக்கொள்வதற்கும் நினைவில் வைப்பதற்கும் இன்றியமையாத வாசல் இந்த ஏற்பி. எலி மூளையில் எண்ணிப் பார்த்ததில் ஒரு சந்திப்பில் சுமார் 300 பி.எஸ்.டி.-95 மூலக்கூறுகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்குள் 300 ரேக்குகள்!

பாக்டீரியாவில் விளையும் மனிதப் புரதம்

மனிதப் புரதம் என்பதால் அதை மனித மூளையிலிருந்து எடுப்பதாக எண்ண வேண்டாம். இதற்கு முன்னோடி நம்மில் பலர் தினமும் ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இன்சுலின்தான். ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். 1978-ல் கலிபோர்னியாவில் மனித இன்சுலினை ஈ. கோலை என்ற பாக்டீரியாவிடம் செய்து வாங்கினார்கள். 1982-ல் அது மருந்தாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நம் நாட்டிலும் 1997-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை ஈஸ்ட் மூலம் இதே அடிப்படையில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்சுலினில் அமினோ அமிலங்கள் 51 மட்டுமே. பி.எஸ்.டி.-95-ல் 724. ஆகவே வேலை சற்றுப் பெரியது. ஆனால் முறை ஒன்றுதான்.

முதலில் மனித ஜீனில் உள்ள செய்தி வேண்டும். நம் ஜீன்களில் இடையிடையே வேண்டாத பகுதிகள் உண்டு. அவற்றை நம் செல் வெட்டி எறிந்துவிடும். பாக்டீரியாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே வெட்டி ஒட்டிச் சுத்தப்படுத்திய பிரதியையே கொடுக்க வேண்டும். அந்தப் பிரதியைப் பிளாஸ்மிட் என்ற சிறிய டி.என்.ஏ. வளையத்தில் சேர்த்து பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு வரிசையாக வருமாறு சேர்த்துவிடுவார்கள். இது பார்சலுக்கு ஒட்டும் லேபிள் மாதிரி. இதன் பயன் பின்னால் தெரியும்.

பிறகு பாக்டீரியாவைச் சத்து நீரில் 37 டிகிரி வெப்பத்தில் வளர்க்கிறார்கள். நல்ல சூழ்நிலையில் இருபது நிமிடத்துக்கொரு முறை அது இரட்டிப்பாகும். போதிய அளவு பெருகியதும் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால், "இனி இந்தப் புரதத்தைச் செய்" என்ற ஆணை பிறக்கும். அந்த நேரத்தில் பல கூடங்களில் வெப்பத்தை 18 டிகிரி வாக்கில் குறைத்துவிடுவது வழக்கம். அவசரப்பட்டால் பெரிய புரதங்கள் சரியாக மடியாமல் கட்டிதட்டிப் போய்விடும். நிதானமாகச் செய்தால் உருவம் சரியாக வரும். சமையலறையில் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல.

மறுநாள் பாக்டீரியாவை உடைத்து அந்தச் சாற்றை நிக்கல் பூசிய மணிகள் நிரப்பிய குழாயின் வழியே விடுகிறார்கள். ஹிஸ்டிடின் லேபிள் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும். மற்ற ஆயிரக்கணக்கான பாக்டீரியப் புரதங்கள் கீழே ஓடிவிடும். பிறகு வேறொரு திரவத்தை ஊற்றிப் பிடியை விடுவித்தால் நமக்கு வேண்டிய புரதம் மட்டும் இறங்கிவரும். சரியான எடையில் இருக்கிறதா, கலப்படம் உண்டா என்று சோதித்து, குப்பியில் அடைத்து, உறைய வைக்கிறார்கள்.

இப்போது ஒரு நுணுக்கம். பாக்டீரியா செய்து தரும் பி.எஸ்.டி.-95, மூளையில் இருக்கும் பி.எஸ்.டி.-95-ஐப் போன்றதேதானா? மணிகளின் வரிசையைப் பொறுத்தவரை ஆம். ஆனால் மூளையில் இந்தப் புரதம் உருவான பிறகு அதன் தலைப்பக்கத்தில், மூன்றாவது, ஐந்தாவது மணிகளில், 16 கார்பன் நீளமுள்ள கொழுப்புச் சங்கிலிகள் ஒட்டப்படுகின்றன. செல்லின் சவ்வில் ரேக்கைப் பதித்து வைக்கும் போல்ட்டுகள் அவைதான். பாக்டீரியாவுக்கு அந்தப் போல்ட் போடத் தெரியாது. ஆகவே குப்பியில் வருவது போல்ட் இல்லாத ரேக். சாக்கெட்டுகளைச் சோதிப்பதற்கு அது போதும். சுவரில் எப்படிப் பதிகிறது என்று பார்க்க வேண்டுமானால் விலங்குச் செல்களில் செய்த புரதம் வேண்டும். நல்ல ஆராய்ச்சியாளர் எந்தக் கேள்விக்கு எந்தக் குப்பி என்று பார்த்துத்தான் வாங்குவார்.

குப்பி தந்த விடைகள்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளை வைத்து என்ன தெரிந்துகொண்டார்கள்? முதலாவது, உருவம். 1996-ல் அமெரிக்காவில் ராடரிக் மெக்கின்னன் என்பவரின் குழு, மூன்றாவது சாக்கெட்டைத் தனியே தயாரித்துப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிர்களால் அதன் அமைப்பை வரைந்தது. வால் நுனி எந்தப் பள்ளத்தில் எப்படிப் படுத்திருக்கிறது என்பது அணு அணுவாகத் தெரிந்தது. இவரே பின்னர் செல்களின் அயனி வாசல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2003-ல் ரசாயன நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இரண்டாவது, சேர்க்கை. ஹாங்காங்கில் மிங்ஜி ஜாங் என்பவரின் குழு 2016-ல் தூய்மைப்படுத்திய பி.எஸ்.டி.-95-ஐயும், சந்திப்பில் அதனுடன் குடியிருக்கும் சின்-கேப் என்ற புரதத்தையும் ஒரு குழாயில் கலந்து பார்த்தது. தண்ணீரில் எண்ணெய் தனித்தனித் துளிகளாகத் திரள்வதுபோல், இரண்டும் சேர்ந்து தாமாகவே துளிகளாகத் திரண்டன. 2018-ல் வேறு சாரப் புரதங்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கரிய பட்டையின் ஒரு சிறு மாதிரியையே குழாயில் உண்டாக்கிக் காட்டினார்கள். மைக்ராஸ்கோப்பில் மை அப்பியதுபோல் தெரிந்த பட்டை எப்படி உருவாகிறது என்பதற்கு இது ஒரு நல்ல தடயம்.

மூன்றாவது, அளவுகோல். அல்ஸைமர் போன்ற நோயில் மூளையின் சந்திப்புகள் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு திசுவில் பி.எஸ்.டி.-95 எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு, அளவு தெரிந்த தூய புரதம் ஒன்று எடைக்கல்லாக வேண்டும். அதற்கும் இந்தக் குப்பி உதவுகிறது. நான்காவது, மருந்து தேடுதல். அதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

நிறைய இருந்தால் நல்லதா?

இதையெல்லாம் படித்ததும், "மூளைக்கு இவ்வளவு முக்கியமான புரதமா! அதை ஒரு டானிக்காகக் கொடுக்கலாமே" என்று தோன்றலாம். பரீட்சைக் காலம் வந்தால் ஞாபக சக்திப் பவுடர் விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. செல்போனில் வரும் செய்திகளோ கேட்கவே வேண்டாம். ஆகவே இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, வாயால் சாப்பிடும் எந்தப் புரதமும் வயிற்றிலும் குடலிலும் தனித்தனி மணிகளாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும். மாலையாக மூளைக்குப் போய்ச் சேராது. மூளையில் உள்ள பி.எஸ்.டி.-95-ஐ அந்தந்த நரம்பணு தானே செய்துகொள்கிறது. பருப்பில் கிடைத்த மணிகள் அதற்குப் போதும்.

இரண்டு, சந்திப்பு வலுத்தால் புத்தி வலுக்கும் என்பதும் சரியல்ல. பிரிட்டனில் செத் கிராண்ட் என்பவரின் குழு 1998-ல் குறைபட்ட பி.எஸ்.டி.-95 உள்ள எலிகளை ஆராய்ந்தது. சந்திப்பைப் பலப்படுத்தும் சோதனை செய்தபோது அந்த எலிகளின் சந்திப்புகள் சாதாரண எலிகளைவிட அதிகமாகப் பலமடைந்தன. ஆனால் நீர்த்தொட்டியில் வழி கற்றுக்கொள்ளும் பரீட்சையில் அவை மோசமாகத் தோற்றன. எல்லாச் சிக்னலும் பச்சை விழுந்தால் வண்டிகள் வேகமாகப் போகும் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? சமயம் பார்த்துச் சிவப்பு விழுவதும் வேண்டும்.

மனிதர்களிடமும் இந்த ஜீனில் பிறவியிலேயே பழுது ஏற்பட்டால் குழந்தைக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு உண்டாகிறது. சில குழந்தைகளுக்கு வலிப்பும், ஆட்டிஸம் அறிகுறிகளும் சேர்ந்து வருகின்றன. அபூர்வமான நோய்தான். ஆனால் அந்தப் பெற்றோருக்கு, "இது உங்கள் வளர்ப்பின் குற்றம் அல்ல, பூர்வ ஜன்ம வினையும் அல்ல, ஒரு ஜீனில் வந்த எழுத்துப் பிழை" என்று இன்று சொல்ல முடிகிறதே, அதுவே பெரிய காரியம். குப்பி ஆராய்ச்சி இல்லாமல் அந்த விடை முழுமையாகியிருக்காது.

பக்கவாதத்துக்கு ஒரு மருந்து: இருபதாண்டுக் கதை

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டால் பக்கவாதம் வருகிறது. அப்போது நரம்பணுக்கள் பிராணவாயு இல்லாமல் தத்தளித்து, குளூட்டமேட்டை அளவின்றிக் கொட்டிவிடுகின்றன. என்.எம்.டி.ஏ. வாசல்கள் திறந்தே கிடக்க, கால்சியம் வெள்ளமாக உள்ளே பாய்கிறது. வாசலுக்குப் பக்கத்திலேயே, அதே ரேக்கில், நைட்ரிக் ஆக்ஸைடு செய்யும் என்சைம் ஒன்றும் செருகியிருக்கிறது. கால்சியம் வந்ததும் அது தன் வேலையை மிகையாகச் செய்து செல்லையே அழித்துவிடுகிறது. சாதாரண நாளில் நன்மை செய்யும் அண்டைவீட்டு உறவு, வெள்ளம் வந்த நாளில் ஆபத்தாகிறது.

என்.எம்.டி.ஏ. வாசலையே மூடிவிடும் மருந்துகளை முதலில் முயன்று பார்த்தார்கள். அந்த வாசல் மூளையின் அன்றாட வேலைக்கே தேவை என்பதால் அவை தேறவில்லை. கனடாவில் டொரான்டோ நகரைச் சேர்ந்த மைக்கேல் டிமியான்ஸ்கி என்ற மூளை அறுவை நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழி யோசித்தார்கள். வாசல் வாசலாகவே இருக்கட்டும். அதை ரேக்கிலிருந்து மட்டும் கழற்றிவிட்டால் என்ன? நரம்பணுக்களில் பி.எஸ்.டி.-95-ஐக் குறைத்தால் அவை சேதத்தைத் தாங்குகின்றன என்று 1999-ல் காட்டினார்கள்.

அதன்பின் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டைத் தயாரித்தார்கள். அதில் ஒன்பது, ஏற்பியின் வால் நுனியின் நகல். அதாவது சாக்கெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும் டம்மி பிளக். மீதிப் பதினொன்று, எய்ட்ஸ் வைரஸின் ஒரு புரதத்திலிருந்து எடுத்த, செல்லுக்குள் நுழையும் திறனுள்ள துண்டு. அதில் நோய் உண்டாக்கும் சக்தி எதுவும் இல்லை. பக்கவாதம் உண்டாக்கி ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தும் எலிகளின் மூளைச் சேதம் குறைந்தது. இது 2002-ல். 2012-ல் குரங்குகளிலும் பலன் தெரிந்தது. அதே ஆண்டு, மூளை ரத்தக் குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற 185 மனிதர்களிடம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களுக்குச் சிறு சிறு அடைப்புச் சேதங்கள் குறைவாக இருந்தன. மருந்துக்கு நெரினெடைட் என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

பிறகுதான் பெரிய பரீட்சை. எட்டு நாடுகளில் 1,105 பக்கவாத நோயாளிகள். முடிவு 2020-ல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 61.4 சதவீதம், பெறாதவர்களில் 59.2 சதவீதம். பலன் உண்டு என்று சொல்ல இந்த வித்தியாசம் போதாது.

ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் என்ற மருந்தைப் பெறாதவர்களிடம் நெரினெடைட் பலன் தந்ததுபோல் இருந்தது. ஆல்டெப்ளேஸ் தூண்டிவிடும் கத்தரி என்சைம், கட்டியோடு இந்தச் சிறு துண்டையும் வெட்டிவிடும். ஆகவே ஆல்டெப்ளேஸ் பெறாதவர்களை மட்டும் தேர்ந்து மறுபடி சோதித்தார்கள். 2025-ல் வெளிவந்த அந்த முடிவிலும் பலன் நிரூபணமாகவில்லை. கனடாவில் ஆம்புலன்ஸிலேயே இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையும் ஒட்டுமொத்தக் கணக்கில் தேறவில்லை.

குழாயில் ஜெயித்தது, எலியில் ஜெயித்தது, குரங்கிலும் ஜெயித்தது. மனிதனில் இதுவரை ஜெயிக்கவில்லை. இதில் மோசடி ஒன்றும் கிடையாது. பெஞ்சில் வைத்துச் சோதித்த ரிலே ஆயிரம் முறை சரியாக வேலை செய்யலாம். மழையும் வெயிலும் தூசியும் உள்ள லைனில் போட்ட பிறகுதான் அதன் குணம் தெரியும். அதனால் பெஞ்ச் சோதனை வீண் என்று யாரும் சொல்வதில்லை. பெஞ்ச் சோதனையோடு திருப்தி அடைவதும் இல்லை. "மூளைக்குப் புதிய மருந்து கண்டுபிடிப்பு" என்று தலைப்பைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்தப் படியில் இருக்கிறது? குழாயிலா, எலியிலா, மனிதரிலா?" என்பதே.

இன்று கையில் இருப்பது

ஆல்டெப்ளேஸ் என்றேனே, அதுவும் ஆய்வுக்கூடத்தில் தயாரான மனிதப் புரதம்தான். நம் ரத்தத்தில் இயற்கையாக உள்ள ஒரு புரதத்தை, ஒருவகை ஹாம்ஸ்டர் எலியின் செல்களில் விளைவித்து எடுக்கிறார்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு அது பலன் தருகிறது என்று 1995-ல் நிரூபணமாயிற்று. முதலில் மூன்று மணி நேரம் என்றிருந்த கெடு, 2008-ல் வந்த சோதனைக்குப் பின் நாலரை மணி நேரமாக நீண்டது. 2015 முதல், பெரிய குழாயில் உள்ள கட்டியைக் கம்பி நுழைத்து இழுத்து எடுக்கும் சிகிச்சையும் உறுதிப்பட்டிருக்கிறது. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்ய முடிகிறது. ஆனால் எல்லாச் சிகிச்சையும் நேரத்தின் கையில். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று.

நம் பக்கத்தில் நேரம் எப்படிப் போகிறது என்பதை எல்லோரும் அறிவோம். வாய் ஒரு பக்கம் கோணினால் "வாயுவாக இருக்கும்" என்று வெந்நீர் கொடுப்போம். கை மரத்தால் எண்ணெய் தேய்ப்போம். மகனோ மகளோ ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருப்போம். வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு, எந்த ஆஸ்பத்திரி, என்ன பாஷையில் சொல்வது என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இவற்றைச் சமையலறைச் சுவரிலோ டெலிபோன் பக்கத்திலோ எழுதி ஒட்டிவையுங்கள்.

முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தழைகிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக்குழாயில் போய்விடலாம். ஆஸ்பிரினும் வேண்டாம், பக்கவாதம் அடைப்பாலா, ரத்தக் கசிவாலா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. அறிகுறி சில நிமிடங்களில் தானாகச் சரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

நம் பேட்டையில் 24 மணி நேரமும் ஸ்கேனும், பக்கவாதத்துக்கு இந்தச் சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரி எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக்கு இப்படி ஒரு பட்டியல் தயாரித்து அடுத்த இதழில் வெளியிட்டால் பெரிய உபகாரமாக இருக்கும். பாஷை தெரியாத பெரியவர்களுக்காக, "பக்கவாதம் போலிருக்கிறது, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்ற இரண்டு வாக்கியங்களை உள்ளூர் மொழியில், தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்.

குப்பிக்குள் இருக்கும் அந்தப் புரதம் இன்னும் பல கேள்விகளுக்கு விடை சொல்லும். நெரினெடைட் தோற்ற இடத்தில் வேறொன்று ஜெயிக்கவும் கூடும். பல தேசங்களின் ஆராய்ச்சிக்கூடங்களில் இளைஞர்கள் அதற்காக இரவு பகலாக உழைக்கிறார்கள்; நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கலாம். அவர்கள் வேலையை அவர்கள் செய்யட்டும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, புகையிலையை விடுவது, மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்வது ஆகிய வேலைகளுக்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். அவை நம் பொறுப்பு.